ஒஹாயோ கஞ்சா சட்டம்: கையெழுத்து வாங்கி ஜெயித்ததைச் சட்டசபை மாற்றலாமா?

கொலம்பஸ் கதிர்:
அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்த அனுமதிக்கும் சட்டம் இஷ்யூ 2 என்ற பெயரில் மக்கள் ஓட்டுக்கு வந்தது, 2023 நவம்பர் 7 அன்று அதற்கு 57% பேர் ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2.5 அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம், வீட்டில் ஆளுக்கு ஆறு செடி, ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 12. ஓட்டு எண்ணி ஒரே மாதத்தில் மாநிலச் சட்டசபையின் மேலவையான செனட் வீட்டுச் செடியில் கைவைக்கப் பார்த்தது. இதற்காகக் கையெழுத்து வாங்க வெயிலில் கிளிப்போர்டோடு நின்றவன் நான். கேட்க வயிறு எரிகிறது.

டேட்டன் செவிலியர்:
தம்பி, உங்கள் உழைப்பை மதிக்கிறேன், ஆனால் நான் எதிர்த்து ஓட்டுப் போட்டவள். இங்கே 100 கிராமுக்குள் வைத்திருந்தால் 1975-லிருந்தே சிறு அபராதம்தான் இருந்தது. 2016-ல் மருத்துவக் கஞ்சாவும் வந்துவிட்டது. அப்புறம் யாருக்காக இந்தச் சட்டம்? எங்கள் அவசரப் பிரிவுக்கு மிட்டாய் என்று நினைத்து 'கம்மி' என்ற கஞ்சா கலந்த ஜெல்லியைச் சாப்பிட்ட குழந்தைகள் வருகிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை கூப்பிட்டாலும் கண் திறக்காமல் கிடப்பதைப் பார்த்தவள் சொல்கிறேன்.

கொலம்பஸ் கதிர்:
அக்கா, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தடை இருந்தபோதும் கம்மி இருந்ததே, அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்போது கடைக்கு வரும் சரக்கைச் சோதிக்கிறார்கள். 10% தனி வரியில் 25% போதைச் சிகிச்சைக்கு, 36% கடை இருக்கும் ஊருக்கு என்று இஷ்யூ 2-லேயே எழுதியிருந்தது.

அக்ரான் வேலன்:
மக்கள் இயக்கம் என்கிறீர்கள், பெரும் பணம் மருத்துவக் கஞ்சா கம்பெனிகளிடமிருந்துதான் வந்தது. 2024 ஆகஸ்ட் 6-ல் விற்பனை தொடங்கியபோது முதலில் கல்லாவைத் திறந்ததும் அதே கடைகள்தான். 2015-ல் பத்து இடத்துக்கு மட்டும் பயிரிடும் உரிமை தருவதாக ஒரு திட்டம் வந்தது, ஜனங்கள் தூக்கி எறிந்தார்கள். இது அதன் மென்மையான வடிவம்.

கொலம்பஸ் கதிர்:
2015-ஐ நானும் எதிர்த்தேன், முதலாளிகள் தங்கள் பெயரைச் சட்டத்தில் எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். இந்த முறை வீட்டிலேயே வளர்க்கலாம் என்று சொன்னதுதான் வித்தியாசம். கம்பெனியை நம்பாமல் ஒருவர் தனக்கு வேண்டியதைத் தானே வளர்க்கலாம், அதனால்தான் அந்தச் செடியை விடமாட்டேன் என்கிறேன். பணம் இருந்தாலும் கையெழுத்து மனிதர்கள்தானே போட வேண்டும்? 2022-லேயே வர வேண்டியது வழக்கால் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2023 ஜூலையில் 1,24,046 செல்லுபடியான கையெழுத்து வேண்டும், அதுவும் மாநிலத்தின் 88 கவுன்டிகளில் (மாவட்டங்களில்) 44-லிருந்தாவது. வெறும் 679 குறைந்துவிட்டது. பத்து நாள் கெடு கொடுத்தார்கள், அந்தப் பத்து நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அக்ரான் வேலன்:
சரி, அப்படியானால் ஏன் அரசியலமைப்புத் திருத்தமாகக் கொண்டுவரவில்லை? அதே நாளில் ஜெயித்த கருக்கலைப்பு உரிமை, இஷ்யூ 1, திருத்தமாக வந்ததால் சட்டசபை தானாக அதைத் தொட முடியாது. உங்களுடையது சாதாரணச் சட்டம், மாற்றுவது அவர்கள் வேலை.

கொலம்பஸ் கதிர்:
திருத்தத்துக்கு நான்கு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வேண்டும். எங்களால் முடிந்தது இவ்வளவுதான். உரிமை அவர்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. 57% சொன்ன பிறகு அதைப் பயன்படுத்துவது நியாயமா என்பதே என் கேள்வி.

சின்சினாட்டி குமார்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இதைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஆட்களில் விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் 'மாநிலத்தில் சட்டப்படி சரி' என்று ஏமாந்துவிடாதீர்கள். மத்தியச் சட்டத்தில் இது தடைதான். கஞ்சா பயன்படுத்தினாலும், கஞ்சாக் கடையில் வேலை பார்த்தாலும், மாநிலம் அனுமதித்திருந்தாலும்கூட, குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்கு எதிராக எடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்துமூலம் சொன்னது. அதிகாரி கேட்டு நீங்களே ஒப்புக்கொண்டாலும் சிக்கல். முதலில் வக்கீலைப் பாருங்கள்.

டேட்டன் செவிலியர்:
குமார் சொன்னதை எல்லோரும் வீட்டில் சொல்லுங்கள், காலேஜ் பிள்ளைகளிடம் முக்கியமாக. கதிர், பாக்கெட் மிட்டாய் மாதிரி இருக்கக்கூடாது, பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி வேண்டும். இதில் சட்டசபை கடுமையாக இருந்தால் நான் அவர்கள் பக்கம்.

கொலம்பஸ் கதிர்:
அதற்கு நானும் உங்களோடு வந்து சாட்சி சொல்கிறேன் அக்கா. வீட்டுச் செடியை எடுத்தால் மட்டும் மறுபடி கிளிப்போர்டைத் தூக்குவேன்.

டேட்டன் செவிலியர்:
தூக்குங்கள். என் வீட்டுக் கதவைத் தட்டினால் தண்ணீர் தருவேன், கையெழுத்து தரமாட்டேன்.