27 வருடத் தேக்குத் தோப்பு: வெட்டுவதா, விடுவதா, முதலில் திட்டம் எழுதுவதா?

புளியரைக்காரன்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு குடும்பப் பஞ்சாயத்து, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புளியரையில் மலையடிவாரத்தில் எங்களுக்கு 3 ஏக்கர் 20 சென்ட் இருக்கிறது. அப்பா 1998-இல் தேக்கு வைத்தார், ஆறரை அடிக்கு ஒரு கன்று. அதற்குப் பிறகு காய்ந்ததையும் சாய்ந்ததையும் எடுத்ததோடு சரி. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். இப்போது செங்கோட்டைப் பக்கத்து வியாபாரி ஒருவர் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, 1,100 மரம் தேறும் என்று மொத்தமாக ஒரு விலை பேசுகிறார். சார்ஜாவில் இருக்கும் தம்பி கொடுத்துவிடு என்கிறான். அக்காவுக்கு, மகள் வீடு கட்டும்போது நிலைக்கும் கதவுக்கும் மரம் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. நண்பர் ஒருவர் பத்து வருடத்துக்கு ஒரு திட்டம் எழுதச் சொன்னார். மூன்றேகால் ஏக்கருக்குத் திட்டமா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சிரிக்கட்டும். வெட்டலாமா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி தம்பி. இந்த நிலம் யாருக்கு, எதற்கு, எப்போது என்பதுதான் முதல் கேள்வி. மூன்று பேரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வருடம் பணம் வேண்டும், எவ்வளவு வேண்டும், எதைத் தொடக்கூடாது. அக்காவுக்கு எவ்வளவு மரம் வேண்டும் என்பதை ஒரு ஆசாரியிடம் கேட்டால் கன அடியிலேயே சொல்லிவிடுவார், அது உங்கள் தோப்பில் எத்தனை மரம் என்பது அப்புறம் தானாகத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் 'மரம் வேண்டும்', 'பணம் வேண்டும்' என்று பேசினால் பொங்கல் வரைக்கும் பேசலாம்.

மேக்கரைக்காரன்:
காகிதத்தில் மரம் வளராது. எனக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது, என் அப்பா ஒரு வரி எழுதியதில்லை, மரம் நிற்கத்தான் செய்கிறது. திட்டம் எழுதினவர்களையும் பார்த்தாயிற்று. 90-களில் தேக்குக் கம்பெனிகள் கலர் கலராகப் புத்தகம் அடித்து, இத்தனை வருடத்தில் ஒரு மரம் இத்தனை ஆயிரம் என்று சொல்லி ஊரெல்லாம் பணம் வாங்கினார்களே, மறந்துவிட்டதா? கடைசியில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1999-இல் தனி விதிமுறையே போட வேண்டி வந்தது. அதுவும் திட்டம்தான். என் மாமனார் போட்ட பணம் போனது போனதுதான்.

கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, அது திட்டம் இல்லை, விலைப்பட்டியல். நான் சொல்வது டேப்பில் தொடங்குவது. நம் பக்கம் மரம் அளப்பது கால் சுற்றளவுக் கணக்கில்தானே? இஞ்சில் எடுத்த சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, அடியில் எடுத்த நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். பத்தடி நீளத் தடி 24 இஞ்ச் சுற்று இருந்தால் இரண்டரை கன அடி. 36 இஞ்ச் என்றால் 5.6. 48 இஞ்ச் என்றால் 10. சுற்று இரண்டு மடங்கானால் மரம் நாலு மடங்கு. அதனால்தான் எண்ணிக்கையைக் காட்டி வாங்குகிற வியாபாரியிடம் எண்ணிக்கையை வைத்து விற்கக்கூடாது. இன்னொன்று, அந்தக் கணக்கில் உருண்டை மரத்தின் உண்மைக் கன அளவில் 78.5 சதவீதம்தான் வரும், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு கணக்கிலேயே இல்லை.

மேக்கரைக்காரன்:
அது தெரியாத வியாபாரியும் இல்லை, விவசாயியும் இல்லை. அதையும் சேர்த்துத்தான் கன அடிக்கு விலை சொல்கிறார்கள். புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தமாகப் பேசும்போது கன அடியே வருவதில்லையே. நெருக்கத்துக்கு வருகிறேன். ஆறரை அடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று. கேரள வனத்துறையும் அதே இடைவெளியில்தான் தேக்கு வைக்கிறது, ஆனால் 4, 8, 13, 20, 30, 40 என்று குறிப்பிட்ட வயதுகளில் மெலிந்ததை எடுத்துக்கொண்டே வந்து, கடைசி வெட்டு 50, 60 வருடத்தில்தான். கேரளத்து நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கொனொலி காலத்தில் சாத்து மேனோன் நட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன, போய்ப் பார்த்தால் ஒரு மரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று புரியும். உங்கள் அப்பா செய்யாமல் விட்டது அந்த இடையெடுப்பைத்தான். பாதி மரத்தை இப்போதாவது எடுங்கள்.

மேக்கரைக்காரன்:
இங்கேதான் புத்தகப் படிப்பு தெரிகிறது. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலோடு வருகிற காற்றை நீங்கள் பார்த்ததில்லை போல. 27 வருடம் ஒன்றையொன்று சாய்ந்துகொண்டு நெடுநெடுவென்று வளர்ந்த மரம் அது. திடீரென்று பாதியை எடுத்தால் மிச்சப் பாதியை ஆடிக் காற்று எடுத்துக்கொள்ளும். என் பங்காளி தோப்பில் கண்ணால் பார்த்தேன்.

கணக்குப்பிள்ளை:
இது நியாயம். நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். மூன்று, நாலு வருட இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாக எடுக்க வேண்டும், காற்று வரும் பக்கத்து ஓரத்தைக் கடைசி வரை தொடாமல். இவ்வளவு தாமதமாக எடுத்தால் மரம் சின்ன வயதில் பருத்த மாதிரி பருக்கவும் செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தென்மலை அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் மரத்திலேயே நிற்கிறீர்கள், காலுக்குக் கீழே பாருங்கள். எங்கள் கேரளப் பக்கம் பட்டயத்தில் (நில உரிமைப் பத்திரத்தில்) என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கோடாலி எடுக்க முடியாது. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி எல்லாம் திருவிதாங்கூர் காலத்தில் ராஜ மரங்கள், யார் நிலத்தில் நின்றாலும் அரசுக்குச் சொந்தம். 1964 கேரள விதிப்படி அரசு பட்டா போட்டுக் கொடுத்த நிலத்தில், அரசு தனக்கென்று ஒதுக்கி வைத்த மரம் இன்றைக்கும் அரசுக்குத்தான். வயநாடு முட்டிலில் 2021-இல் வெடித்த விவகாரம் இதைத் தொட்டுத்தான், ஈட்டி மரம் வெட்டியவர்கள் கோர்ட்டு, கேசு என்று அலைந்தார்கள். தம்பி, செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் வரைக்கும் எங்களோடு திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தானே இருந்தது? உன் தாத்தா பத்திரத்தை எடுத்துப் பார். தமிழ்நாட்டில் 1949-ஆம் வருடத்துத் தனியார் காடுகள் சட்டம் இருக்கிறது, உன் சர்வே நம்பர் அதில் வருகிறதா என்பதையும் தாலுகா ஆபீஸில் கேள். வந்தால் அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு மரம் வெட்ட முடியாது. அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) தேக்கு என்று ஏறியிருக்கிறதா? தடியை ஏற்றிப்போக வனத்துறைச் சீட்டு வேண்டும், வியாபாரி 'அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படு.

சார்ஜா தம்பி:
நான்தான் அந்தத் தம்பி. அண்ணன் ஊருக்கே சொல்லிவிட்டான், நானும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேராசை இல்லை, வீட்டுக்கடன் இருக்கிறது. இன்றைக்கு வெட்டினால் பணம், அடிக்கட்டையிலிருந்து தேக்கு மறுபடி துளிர்க்கும். இன்னும் பத்து வருடம் விட்டால் மரம் எவ்வளவு கூடும்? வங்கி வட்டி எவ்வளவு என்று எனக்குத் தெரியும், மரத்தின் வட்டி என்ன என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை:
இந்தத் தோப்புக்குத் தேவையான கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள் தம்பி. 36 இஞ்ச் மரம் வருடத்துக்கு அரை இஞ்ச் பருத்தால், நீளம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், கன அளவு 2.8 சதவீதம் கூடும். ஒரு இஞ்ச் பருத்தால் 5.6 சதவீதம். முதலாவது என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாவது என்றால் கடன் வட்டியோடு வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுற்று கூடக் கூட வைரம் (மரத்தின் உள் கெட்டிப் பகுதி) கூடி, கன அடி விலையும் மேலே ஏறும். உங்கள் மரம் எந்த ரகம் என்பது அளக்காமல் எனக்கும் தெரியாது, வியாபாரிக்கும் தெரியாது. இருபது மரத்தில் நாலரை அடி உயரத்தில் பெயின்ட் வளையம் போட்டு, அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே வளையத்தில் அளங்கள். ஒரு வருடம் கடன் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால், மெலிந்ததை முதல் தவணையாக எடுத்து விற்ற பணம் உங்களுக்கு என்று மூன்று பேரும் பேசி எழுதிக்கொள்ளலாம்.

மேக்கரைக்காரன்:
வளையம் போடுங்கள், ரிப்பன் கட்டுங்கள். மாசியில் சருகில் தீ பிடித்தால் அந்தத் தாள் வந்து அணைக்குமா? நான் வருடா வருடம் தைப்பொங்கல் கழிந்ததும் நாலு பக்கமும் பத்தடி அகலத்துக்குச் சருகைக் கூட்டித் தீக்கோடு போடுகிறேன். வாய்க்கால் பக்கம் யானை இறங்குகிற தடத்தை விட்டுத்தான் வேலி. கிழக்கு மூலையில் மண் ஆழம் இல்லை, அங்கே தேக்கு வராது என்று புங்கன் வைத்திருக்கிறேன். இதெல்லாம் ஆள் இருந்து பார்க்கிற வேலை.

கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி, நீங்கள் இப்போது எழுதியதுதான் திட்டம். அது உங்கள் மகனுக்குத் தெரியுமா?

மேக்கரைக்காரன்:
அவன் சென்னையில் இருக்கிறான். அவன் பேச்சு இங்கே எதற்கு.

புளியரைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் இறங்கிவிட்டோம், அக்காவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு. அரை ஏக்கர்தான் முடிந்தது, அதற்கே முதுகு விட்டுப்போயிற்று. 212 மரம். அதில் 36 இஞ்சுக்கு மேல் 31 மட்டும், மிச்சம் எல்லாம் கம்பம் மாதிரி. ஆனால் இந்த விகிதத்தில் மொத்தத் தோப்புக்கும் போட்டால் 1,300-ஐத் தாண்டுகிறது, வியாபாரி சொன்னது 1,100. அவரிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஓடையோரம் ஒன்பது நீர்மருது நிற்கிறது, அப்பா ஒருநாளும் அதில் கத்தி வைத்ததில்லை. அதைத் தொடக்கூடாது என்று அக்கா எழுதினாள், நானும் எழுதியிருந்தேன், போனில் கேட்டால் தம்பியும் அதையேதான் சொன்னான். இதுவரைக்கும் மூன்று பேரும் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். கடன் விஷயம் இன்னும் பேச்சில் இருக்கிறது. தென்மலை அக்கா, தாத்தா பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் வாசித்துச் சொல்வீர்களா?

தென்மலை அக்கா:
அனுப்பு. பின்பக்கத்தையும் சேர்த்து எடு, நிபந்தனை அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

மேக்கரைக்காரன்:
தையல் டேப்பா அது? இழுத்தால் நீளும், அந்த 31-ஐயும் நம்பாதே. என்னிடம் இரும்பு டேப் இருக்கிறது, காலையில் எட்டு மணிக்குள் வந்தால் வாங்கிக்கொண்டு போ, அதற்கப்புறம் நான் தோப்புக்குப் போய்விடுவேன்.