புதுப்பிப்பு: அக்கா மகனின் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.
வலிப்புள்ள அக்கா மகனுக்கு மூளை மடிப்புகள் பிறவியிலேயே சரியாக அமையவில்லை என்று சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு ஸ்கேன் என்று முன்பு கேட்டிருந்தேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போய் எடுத்தாயிற்று. படுத்தபடியே வலது கை விரல்களைத் தட்டச் சொன்னார்கள். மூளையில் வேலை நடக்கும் இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், அதை வைத்துத்தான் படம். பார்த்தால், கோணலான அந்த மடிப்பே கையை இயக்குகிறது! பாலிமைக்ரோஜைரியாவில் (மடிப்புகள் மிகச் சிறியதாக, அளவுக்கு அதிகமாக அமையும் இந்தப் பிறவிக் குறையின் பெயர்) இது அபூர்வமில்லையாம். வலிப்பை நிறுத்த, குறையுள்ள இடம்தானே என்று அறுவை சிகிச்சையில் வெட்டினால் கை பலவீனமாகிவிடலாம். மூளையில் மொழிக்கான இடத்தைக் காட்டும் படம் தெளிவாக வரவில்லை, தலையை ஆட்டிவிட்டான் (12 வயசுப் பையன், வேறென்ன செய்வான்). இப்போதைக்கு மாத்திரை தொடர்கிறது. அறுவை சிகிச்சைப் பேச்சு வீடியோ இ.இ.ஜி. (வீடியோ எடுத்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை) முடிந்த பிறகுதான்.