30 மீட்டர் ஸ்பான்: 1.42 ஹெர்ட்ஸ் போதுமா?

அடையாறு_டிசைன்:
கச்சா எண்ணெய்க் குழாய், வெளிவிட்டம் 323.9 மிமீ, சுவர் 12.7 மிமீ. கடலடி மேடுபள்ளம், ஒரு இடத்துல 30 மீட்டர் நீளம் தரையைத் தொடாம அந்தரத்துல நிக்குது, அதுதான் ஸ்பான். அடி நீரோட்டம் விநாடிக்கு 0.5 மீட்டர். ரெண்டு முனையும் இறுகினதா வெச்சா குழாயோட இயல்பு அதிர்வெண் 1.42 ஹெர்ட்ஸ் வருது. விட்டுடலாமா, முட்டு கொடுக்கணுமா?

கடலடி_கணக்கு:
விட்டுடாதீங்க. நீரோட்ட வேகத்தை அதிர்வெண்ணாலயும் விட்டத்தாலயும் வகுத்தா 1.09. ஓட்டத் திசையில சுழல் அதிர்வு (குழாய்க்குப் பின்னாடி பிரியற நீர்ச்சுழி குழாயை ஆட்டறது) இந்த எண் 1 பக்கத்துல வந்தாலே ஆரம்பிச்சிடும். அதுவும் உங்க 1.42 ரொம்ப தாராளமான கணக்கு. முனைகள் கீல் மாதிரி சுழன்றா 0.63தான். மண் விட்டுக்கொடுக்கும், பயனுறு நீளம் 15% கூடினாலே அதிர்வெண் 24% இறங்கும்.

அச்சு விசையைச் சேர்த்தீங்களா? குழாய் போட்டப்போ இருந்ததைவிட ஒரு டிகிரி கூடினா சுமார் 30 கிலோநியூட்டன் அமுக்கம். 20 டிகிரிக்கு 600. அமுக்கத்துல இந்த ஸ்பான் வளைஞ்சு நொடிஞ்சுடற வரம்பே, முனை இறுகியிருந்தாலும், 1,370 கிலோநியூட்டன்தான். அப்போ 1.42 சுருங்கி 1.06 ஆயிடும். உள்ளழுத்தம் இன்னும் இறக்கும். லே டென்ஷன் (குழாய் போடும்போது இருந்த இழுவிசை) மிச்சம் இருந்தா கொஞ்சம் கைகொடுக்கும். குழாய் ஸ்பானுக்கான டிஎன்வி ஆர்பி-எஃப்105 வழிகாட்டிச் சூத்திரத்துல எல்லாம் இருக்கு.

மெஷ்_பார்க்கறவன்:
கம்ப்யூட்டர் மாடல்ல மண்ணுக்கு சாதா ஸ்பிரிங் போட்டிருந்தா முதல்ல அதை மாத்துங்க. அது குழாயைக் கீழ இழுத்தும் பிடிக்கும். தோள்பட்டைல, அதாவது ஸ்பான் முடிஞ்சு குழாய் தரையில படற இடத்துல, குழாய் தூக்கறதே தெரியாது. அமுக்கத்தை மட்டும் தாங்கற காண்டாக்ட் வேணும். ஸ்பான் பகுதில எலிமென்ட் (மாடல்ல குழாயைப் பிரிக்கற துண்டு) நீளம் ஒரு விட்டம் அளவு. காலியா போடறது, தண்ணி நிரப்பறது, ஹைட்ரோடெஸ்ட் (தண்ணி அழுத்தச் சோதனை), வடிக்கறது, சூடான எண்ணெய்: இந்த வரிசையிலயே ஓட்டுங்க, ஏன்னா தொய்வு ஒவ்வொரு கட்டத்துலயும் மாறும். தொய்வு கூடினா அமுக்கமும் கொஞ்சம் தளரும், அதையும் இது காட்டும்.

குழாய்க்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி? விட்டத்துல 0.2 பங்குதான்னா கூட்டு நிறைக் குணகம் (குழாயோட சேர்ந்து அசையற தண்ணியோட கணக்கு) 1 இல்ல, 1.48. அதுலயே அதிர்வெண்ல இன்னொரு 7% போயிடும்.

அடையாறு_டிசைன்:
நடுவுல முட்டா ஒரு கிரவுட் பை (சிமென்ட் கலவையை பம்ப் பண்ணி நிரப்பற பை) வெச்சா?

கடலடி_கணக்கு:
சரியா பாதில நின்னா, முனை கீல் மாதிரின்னா அதிர்வெண் நாலு மடங்கு, இறுகினதுன்னா சுமார் 2.8 மடங்கு. ஆனா பை குழாயைத் தொட்டதும் பம்பை நிறுத்தணும். மேல தூக்கிட்டா முட்டு இருக்கற இடத்துல குழாய்ல வளைவுத் தகைவு ஏறும், தோள்பட்டைல புது ஸ்பான் திறக்கும். களிமண் தரைன்னா பை அமுங்கி நூல் அளவு இடைவெளி விழுந்தாலே முட்டு இல்லாத மாதிரிதான். கொஞ்ச நாள் விட்டு ஆர்ஓவி (கடலடியில ரிமோட்ல ஓட்டற கேமரா வண்டி) அனுப்பி, குழாயோட அடிவயிறு பையில படுதான்னு பக்கவாட்டுல இருந்து பாருங்க, மேல இருந்து எடுத்த படம் ஏமாத்தும்.

ஸ்பான் கரையோரம்னா வேற கதை. சென்னைக் கடற்கரைல மணல் பெரும்பாலான மாதம் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்துல தெற்கே திரும்பும், அதோட ஸ்பான் நீளமும் மாறலாம். பருவத்துக்கு முன்னும் பின்னும் அளந்து, நீளமா வர்றதை வெச்சு கணக்கு போடுங்க.