பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் நீங்கள் பார்த்தது என்ன?

பெட்போர்டுக்காரன்:

முதலிலேயே ஒரு நிபந்தனை. முதுமலையில் புலி பார்த்தேன், மசினகுடி ரோட்டில் யானை காரை மறித்தது என்கிற கதையெல்லாம் இங்கே வேண்டாம், அதைச் சொல்ல ஆயிரம் இடம் இருக்கிறது. நம் ஊர்ப் பூங்காவில், ஊரை ஒட்டிய சோலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மிஞ்சிப்போனால் நாலு கிலோமீட்டருக்குள் நீங்களே கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், எந்த ஊராக இருந்தாலும் சரி.

நானே ஆரம்பிக்கிறேன். குன்னூரில் முப்பது வருஷமாக இருக்கிறேன், ஆனால் சிம்ஸ் பூங்காவுக்கு நான் போனதெல்லாம் விருந்தாளி வந்தால்தான், இல்லாவிட்டால் மே மாதம் பழக்கண்காட்சிக்கு. அன்னாசியிலும் ஆரஞ்சிலும் செய்து வைத்த யானையையும் மயிலையும் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பி வருவோம், அவ்வளவுதான். போன வருஷம் சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார், அதனால்தான் தினமும் உள்ளே போக ஆரம்பித்தேன். போனவர்களுக்குத் தெரியும், அது சமதளத் தோட்டம் இல்லை. 1874-இல் ஜே.டி. சிம் என்பவரும் மேஜர் முர்ரேயும் சேர்ந்து ஆரம்பித்தபோது மலைச்சரிவை அப்படியே வைத்துக்கொண்டார்கள், அங்கே ஏற்கெனவே இருந்த காட்டு மரங்களையும் விட்டுவைத்தார்கள். இறங்கும்போது சுகமாக இருக்கும், படகுக் குளம் வரைக்கும் போய்விடலாம், திரும்பி ஏறும்போதுதான் முட்டி பேசும்.

அன்றைக்கு நல்ல மூடுபனி. ஏறி வரும்போது மூச்சு வாங்கி ருத்ராட்ச மரத்தடியில் நின்றேன். ஷூ மேல் டொக்கென்று ஏதோ விழுந்தது. குனிந்து எடுத்தால் ஒரு பழம், கோலிக்குண்டு அளவு, அப்படி ஒரு நீலம், சாயம் தோய்த்த மாதிரி. ஒரு பக்கம் பல் பதிந்து சதை பச்சையாகத் தெரிந்தது. நகத்தால் தோலைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தேன், துளி நீலம்கூட ஒட்டவில்லை. (வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தத் தோலில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது, தோலுக்குள் இருக்கிற நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதுதான் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. மயில் தோகைக் கதைதான்.) அதற்குள் இன்னொன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் மலை அணில். செம்பழுப்பு உடம்பு, உடம்பைவிட நீளமான வால் கிளையிலிருந்து துண்டு மாதிரி தொங்குகிறது, பின்னங்காலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்து உருட்டி உருட்டிக் கடிக்கிறது. இருபது நிமிஷம் நின்றிருப்பேன். பக்கத்தில் வந்த ஒரு குடும்பம் "என்ன சார் பாக்கறீங்க?" என்றது, நான் கையைக் காட்டுவதற்குள் அவர்களுடைய சின்னப்பெண் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா போனை எடுத்து, ஜூம் பண்ணி, அது சரியாக வராமல், "குரங்குதான், வா" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் படி திரும்பும் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

முப்பது வருஷமாக அந்த மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். சரி, அடுத்து யார்?

கோத்தகிரி டீச்சர்:

அண்ணா, அப்படியென்றால் எங்கள் லாங்வுட் சோலையைத்தான் சொல்லவேண்டும். டவுனிலிருந்து ஆட்டோவில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். நூற்றுப்பதினாறு ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும், நடுவில் இந்த ஒரு கறுப்புத் துண்டு. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முதல் அரைமணி நேரம் அட்டையைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூக்குப்பொடி, உப்பு, சாக்ஸுக்கு மேல் வேப்பெண்ணெய் என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம், எதுவும் உருப்படியாக வேலை செய்யவில்லை என்பது என் அனுபவம். கடித்தால் கடிக்கட்டும் என்று விட்ட பிறகுதான் காடு கண்ணில் பட்டது.

பாதை ஓரத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு குச்சியில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு ஈப்பிடிப்பான் குருவி உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துப் பறக்கக்கூட இல்லை. கொஞ்சம் தள்ளி, இருட்டில், நீல முதுகும் செங்காவி வயிறுமாகச் சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, கிளிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் இன்றைக்கு அறிவியல் பெயரிலேயே அது 'ஷோலிகோலா'தான். நம் சோலை அந்தப் பெயரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை.

ஆனால் எனக்கு மறக்காதது பறவை இல்லை. பத்து நாளாக மழையே இல்லாத சமயம் அது. ஒரு பையனை இலைச்சருகுக்குள் கையை விடச் சொன்னேன், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது, சில்லென்று இருக்கிறது என்றான். அப்புறம் கீழே உதிர்ந்து கிடந்த பாசி ஒரு கைப்பிடி எடுத்துத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தான், முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. கூட வந்த ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், எங்க ஊருக்குப் பைப்ல வர்றது இந்தத் தண்ணியா?" ஆமாம் என்றேன். சுற்றி இருக்கிற எத்தனையோ ஊர்களுக்கு இந்தச் சோலைதான் தண்ணித்தொட்டி. வெளியே வந்ததும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நிற்கிற இடத்தில் அதே பையன் தானாகவே குனிந்து சருகைக் கிளறிப் பார்த்தான். முறுமுறுவென்று காய்ந்து கிடந்தது, அடியில் வெறும் புழுதி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொடை வாசி:

நிபந்தனைப்படி எழுதுகிறேன். பிரையண்ட் பூங்கா வாசலிலிருந்து ஏரிச் சாலைக்கு இறங்குகிற இடம், பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடை. மாலை ஏழு மணி இருக்கும், கரண்ட் இல்லை. மாட்டு வாசனை அடித்தது. யாரோ மாட்டைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். முதலில் தெரிந்தது கால்தான், முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால், அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. அப்புறம்தான் அந்த இருட்டே மாடு என்று புரிந்தது. காட்டுமாடு. திமில் என் தலைக்கு மேலே இருந்தது. வளர்ந்த காளை ஆயிரம் கிலோ வரைக்கும் போகும் என்று படித்தது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்திருக்கவேண்டாம். 'ஃபுஸ்' என்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், பஸ்ஸில் ஏர் பிரேக் அடிக்கிற சத்தம். முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் ஒரு கடை ஓரமாக ஒதுங்கினேன்.

அத்தோடு முடிந்திருக்கும். ஒரு கார் வந்து நின்றது, இரண்டு பையன்கள் இறங்கி பிளாஷ் போட்டு செல்ஃபி எடுக்கப் போனார்கள். நான் கத்தினேன், கேட்கவில்லை. மாடு அவர்களைத் தொடக்கூட இல்லை, தலையைக் குனிந்து கார் பம்பரை ஒரு தள்ளுத் தள்ளியது, அவ்வளவுதான், தகர டப்பா மாதிரி நசுங்கியது. பையன்கள் என் பக்கத்தில் வந்து நின்று நடுங்கிக்கொண்டே "அங்கிள், இதுக்கு வனத்துறை நஷ்டஈடு தருமா?" என்றார்கள்.

எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. புல்வெளி இருந்த மலையெல்லாம் சீகையும் பைனும் ஆகிவிட்டால் புல் தின்கிற மாடு வேறு எங்கே போகும், நம் கேரட் தோட்டத்துக்கும் ஏரிக்கரைக்கும்தான் வரும். அந்த ஏரியே 1863-இல் லெவிஞ்ச் துரை கட்டியது, பூங்கா 1908-இல் வந்தது, இந்த மாடுகளின் பாட்டன் பூட்டன் அதற்கு முன்னாலிருந்தே இங்கே மேய்ந்துகொண்டிருந்திருக்கும்.

இன்னொன்று, பூங்கா வேலியில் காலையில் கூட்டமாகச் சிரிக்கிற நீலகிரிச் சிரிப்பான் பறவையைத் தினமும் பார்க்கிறேன். அதுவும் கணக்கில் சேருமா?

கோத்தகிரி டீச்சர்:

சேரும் சார், ஆனால் அது நீலகிரிச் சிரிப்பான் இல்லை! உங்கள் ஊரில் இருப்பது பழனிச் சிரிப்பான். எங்களுடையது மார்பு வயிறெல்லாம் செங்காவி, மோவாய் கறுப்பு. உங்களுடையதுக்கு மார்பு சாம்பல், வெள்ளைப் புருவமும் கண்ணைத் தாண்டியதும் நின்றுவிடும். நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே, இந்த உயரத்துப் பறவை அந்தச் சூட்டில் இறங்கி அந்தப் பக்கம் ஏறாது. அதனால் அது அது அங்கங்கேயே தனி இனமாகிவிட்டது.

கொடை வாசி:

இத்தனை வருஷமாக உங்கள் ஊர்ப் பறவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் டீச்சர்.

ஊட்டி தோட்டத்து வீடு:

நான் பார்த்தது இல்லை, அம்மா பார்த்தது, பரவாயில்லையா? அம்மா தாவரவியல் பூங்காவில் பல வருஷம் தினக்கூலி. எல்லோருக்கும் அந்தப் பூங்கா என்றால் 1848, அதை உருவாக்கிய மேக்கைவர், 22 ஹெக்டேர், இரண்டு கோடி வருஷத்துக் கல்மரம், மலர்க்கண்காட்சி. எங்களுக்கு அது உறைபனிதான். டிசம்பர், ஜனவரி ஆனால் புல்தரை முழுக்க உப்புக் கொட்டிய மாதிரி வெள்ளையாகிவிடும், மே மாதத்துக்கு வைத்த நாற்று ஒரே ராத்திரியில் வெந்த கீரை மாதிரி கறுத்துப்போகும். அதனால் சாயங்காலமே கோத்தகிரி மிலாறு என்கிற செடியின் கிளைகளைக் கொண்டுவந்து செடிகளை மூடிவிடுவார்கள், காலையில் எடுக்கவேண்டும். விடியற்காலை அந்த மிலாறை வெறுங்கையால் பிடித்தால் விரல் ஒரு மணி நேரத்துக்கு நம்முடையது இல்லை. அம்மா வீட்டுக்கு வந்ததும் கையை அடுப்புக்கு நேரே நீட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் அப்படி ஒரு மிலாறைத் தூக்கினால் உள்ளே ஒரு காட்டு முயல். பிடரியில் கறுப்புத் திட்டு, காது முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, கண் மட்டும் திறந்திருக்கிறது, ஓடவில்லை. சுற்றிலும் வெள்ளை, அது படுத்திருந்த தட்டளவு இடம் மட்டும் மண் நிறம். அம்மா என்ன செய்தாள் தெரியுமா, எடுத்த மிலாறைத் திரும்ப வைத்து மூடிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். வெயில் ஏறிய பிறகு வந்து பார்த்தால் காணோம், நாலைந்து நாற்றையும் காணோம். மேற்பார்வை பார்க்கிறவரிடம் பனியில் போய்விட்டது என்று சொன்னாளாம். இப்போது ஓய்வில் இருக்கிறாள், அதனால் எழுதலாம்.

பூங்காவுக்குப் போகிறவர்கள் கண்ணாடி மாளிகையோடு திரும்பிவிடாமல் மேலே ஏறுங்கள். தொட்டபெட்டா சரிவு அது, மேலே போகப் போகக் கூட்டம் குறையும், தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, வரும். ஆனால் அது ஆள் குடியிருக்கிற இடம், வீட்டு வாசலில் போய் நின்று படம் எடுக்காதீர்கள்.

ஹட்டிக்காரன்:

சுருக்கமாக. எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) குன்னூரிலிருந்து மூன்று கிலோமீட்டர். ராத்திரி கோயிலில் சத்தம் கேட்டு, திருடன் என்று நாலு பேர் டார்ச்சோடு போனோம். கரடி. விளக்கு எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் பளபளப்பு. எங்களைப் பார்த்தது, மிச்சத்தையும் நக்கியது, அப்புறம்தான் போனது. மறுநாளிலிருந்து பூசாரி எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

திருப்பூர் நண்பன்:

வர்ற வாரம் குடும்பத்தோடு வருகிறோம், இரண்டு நாள்தான். இதையெல்லாம் பார்க்க எங்கே போகலாம் அண்ணே?

பெட்போர்டுக்காரன்:

தம்பி, முதலில் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம், இல்லாமல் வந்து சோதனைச் சாவடியில் நிற்காதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். அப்புறம் இரண்டு நாளில் எட்டு இடம் என்று பட்டியல் போடாமல், ஒரே பூங்கா, கேட் திறந்ததும் உள்ளே போய் ஒரு மரத்தடியில் உட்காருங்கள். குழந்தைகளை முன்னால் விடுங்கள். நொறுக்குத்தீனி பையை மட்டும் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள், சிம்ஸ் பூங்காக் குரங்குகளுக்குச் சிப்ஸ் பாக்கெட் சத்தம் அரை பர்லாங் கேட்கும், என் மாமியார் கைப்பையே ஒருமுறை மரத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

உறைபனி வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த முயலை நானாக இருந்தால் போன் எடுக்கப்போய் விரட்டியிருப்பேன்.

ஒரு சந்தேகம். அன்றைக்கு அணில் போட்ட பழங்களிலிருந்து அஞ்சு கொட்டை எடுத்து வந்தேன். கழுவிப் பார்த்தால் எல்லாமே ஐந்துமுகம், இரண்டை வீட்டில் பூஜை அறைக்கு எடுத்துக்கொண்டார்கள், மூன்றைத் தொட்டியில் ஊன்றினேன். எட்டு மாதம் ஆகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். தோண்டிப் பார்க்கலாமா, இன்னும் பொறுக்கவேண்டுமா? முளைக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.