மானுக்கும் எல்க்குக்கும் ஒரே ரைஃபிள்: .308-ஆ, .30-06-ஆ?

வணக்கம் நண்பர்களே. வேட்டைக்குச் சிறு மான் முதல் எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) வரை ஒரே போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு சுடலுக்கும் போல்ட்டைக் கையால் இயக்குவது) போதும் என்று நினைக்கிறேன். .243 தோட்டா எல்க்குக்குப் பத்தாது. .300 மேக்னம் உதைக்கிற உதையில் உடம்பு முன்கூட்டியே சுருங்கிக் குறி தவறும். மிச்சம் .308, .30-06 ஆகிய இந்த இரண்டு தோட்டா வகைகள்தான்.

குண்டின் எடையை மானுக்கு 150 கிரெயின் (குண்டை எடைபோடும் சிறு அலகு), எல்க்குக்கு 180 என மாற்றலாம். 200-ஐ நெருங்கினால் .30-06 முந்துகிறது; .308-இல் நீளக் குண்டு கேஸுக்குள் (தோட்டாவின் உலோகக் கூடு) இறங்கி வெடிமருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும்.

எடை மாறினால் குண்டு படும் இடமும் மாறும், மறுபடி ஸீரோ (குறிநோக்கியைக் குண்டு படும் இடத்தோடு பொருத்துவது) பார்த்தே ஆக வேண்டும். விலங்கு காயத்தோடு ஓடிவிடக் கூடாது, அதுதான் என் கவலை. 165 கிரெயின் பாண்டட் குண்டு (உள்ளிருக்கும் ஈயம் மேலுறையோடு ஒட்டப்பட்டது) ஒன்றையே இரண்டுக்கும் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: சிறு மானில் சரியாக விரிகிறதா? .30-06-க்கு 22 அங்குலக் குழல் போதுமா?