குறட்டை நின்ற நேரம்: எங்கள் வீடுகளில் நாங்கள் கண்டவை

மகள், திருச்சி

என் தந்தையின் குறட்டையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இருபது ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம். அது நிற்கும் நேரத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக ஊருக்குச் சென்றிருந்தபோது, கூடத்தில் அப்பாவுக்கு அருகில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். இரவு இரண்டு மணி அளவில் குறட்டை சட்டென்று நின்றது. இனித் தூங்கலாம் என்று கண்ணை மூடிய நான், மின்விசிறியின் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்பது உறைத்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அவருடைய வயிறும் மார்பும் எக்கி எக்கி அசைந்துகொண்டிருந்தன. ஆனால் மூக்கருகே நீட்டிய என் விரலில் காற்றே படவில்லை. மனத்துக்குள் எண்ணத் தொடங்கி 28ஐ எட்டியபோது, நீரில் மூழ்கியவர் தலை தூக்குவதுபோல் ஒரு பெரிய மூச்சை இழுத்துவிட்டு, கண்ணைத் திறக்காமலேயே மீண்டும் குறட்டை விடத் தொடங்கினார்.

இரவில் தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் தூக்கப் பரிசோதனையில் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 41 முறை அவருக்கு மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30ஐத் தாண்டினாலே தீவிர நிலை என்றார்கள். மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத அவருடைய இரத்த அழுத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். குறட்டை நின்ற ஒவ்வொரு முறையும் நாங்கள் நிம்மதி அடைந்தோமே, அந்த நிம்மதிதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வாகன ஓட்டி, சேலம்

நான் எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுகிறவன். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் ஒரு பிற்பகல், "அப்பா, மரம்!" என்று என் மகள் அலறிய குரலில்தான் விழித்தேன். கண்கள் திறந்தே இருந்தன என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதற்கு முந்தைய அரைக் கிலோமீட்டர் என் நினைவில் இல்லை. மருத்துவர் முதலில் செய்தது என் கழுத்தை நாடாவால் அளந்ததுதான். சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதோ என்று ஐயப்பட வேண்டும் என்றார். எனக்கு 43 இருந்தது. மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் மூளை சில நொடிகள் விழித்துத் தொண்டைத் தசையை இறுக்குகிறதாம். காலையில் அது நமக்கு நினைவிருப்பதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

திருச்சி சகோதரியின் பதிவைப் படித்துவிட்டுக் குறட்டை விடுகிறவர்கள் அனைவரும் அஞ்சிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நானும் குறட்டை விடுகிறவன்தான். பரிசோதனையில் மூச்சுத்தடை எதுவும் இல்லை. தூக்கத்தில் தளர்ந்த மென்னண்ணமும் (மேல்வாயின் மென்மையான பின்பகுதி) உள்நாக்கும் காற்றில் அதிர்வதால் எழுவதே குறட்டை. அந்தப் பாதை முற்றிலுமோ பெருமளவிலோ மீண்டும் மீண்டும் அடைபடும்போதுதான் அது நோயாகிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னோக்கிச் சரியும் என்பதால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். புரண்டு விடுகிறவர்கள் பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் பழகினேன். மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், தூக்க மாத்திரையும் பலருக்கு அவ்வாறே செய்யும். ஆகவே குறட்டைக்காகத் தூக்க மாத்திரை போடுவது தவறு. மூக்கடைப்பு இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும். எடையைக் குறைப்பதன் பயனை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்: 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க விஸ்கான்சின் ஆய்வு, உடல் எடை 10 விழுக்காடு குறைந்தால் மூச்சுத்தடை ஏறத்தாழ 26 விழுக்காடு குறையும் என்று கணித்தது. இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகு பரிசோதனைக்குச் செல்லலாமே என்பது என் கருத்து.

தாய், கோயம்புத்தூர்

ஐயா, உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. என் ஆறு வயது மகன் குறட்டை விட்டபோது, விளையாடிக் களைத்த குழந்தை அப்படித்தான் தூங்கும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் ஓராண்டு காத்திருந்தேன். ஒரு நாள் சட்டையில்லாமல் தூங்கியவனைப் பார்த்தேன். வாய் பிளந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழே தோல் குழியாக உள்ளே இழுபட்டது. மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையும் தொண்டையில் உள்ள டான்சிலும் வீங்கி வழியை அடைத்திருந்தன. வகுப்பில் ஓரிடத்தில் உட்காரமாட்டான் என்று ஆசிரியை சொன்ன அந்தப் பழக்கமும், அவன் படுக்கையை நனைப்பதும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தன. நனைத்ததற்காக அவனை நான் அடித்திருக்கிறேன்.

இல்லத்தரசி, நாகர்கோவில், வயது 56

இங்கே எல்லாரும் ஆண்களையும் குழந்தைகளையும் பற்றி எழுதுகிறீர்கள். என் நாத்தனார் மகள் திருமணத்துக்கு முந்தின இரவு, மண்டபத்து மாடியில் பெண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்க, நான் மட்டும் பூக்கட்டும் சாக்கில் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் குறட்டையைக் கேட்டால் புதுச் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். மாதவிடாய் நின்ற பிறகுதான் எனக்கு இது தொடங்கியது. தைராய்டு குறைபாடும் உண்டு. இரண்டுமே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், இது என் ஒழுங்கீனம் அன்று என்று எனக்குப் புரிந்தது. இப்போது மூக்கில் மாஸ்க் பொருத்திக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதை உறவினர் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் எப்படி எடுத்துச் செல்வது என்று யாராவது சொல்லுங்கள்.

மகள், திருச்சி

நாகர்கோவில் அம்மா, என் அப்பாவும் அதையே கேட்டார். முதல் மாதத்தில் மூக்கு வறண்டுபோகிறது என்று நடு இரவில் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுவார். காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டியை இணைத்து, அளவு சரியான மாஸ்க்கை மாற்றிய பிறகுதான் விடியும்வரை வைத்திருக்கத் தொடங்கினார். கருவி ஒரு கைப்பையில் அடங்கிவிடும். வெளியூர் செல்லும்போது நீளமான வயருள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றையும் உடன் எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் மண்டபங்களில் மின் இணைப்பு எப்போதும் எதிர்ச் சுவரில்தான் இருக்கிறது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பையில் வையுங்கள். கருவிக்குள் நீர் புகுந்தால் பழுதாகிவிடும்.