சித்தி தோட்டத்த காட்டுயிர் அமைப்புக்கு எழுதி வைக்கணும்ங்கறாங்க, எப்படி பண்றது?

அஸ்தம்பட்டிக்காரன்:
சித்திக்கு 71 வயசு, கல்யாணம் பண்ணிக்கல, ரிட்டயர்டு டீச்சர். பென்ஷன்ல இருந்து மாசாமாசம் 500 ரூபா ஒரு காட்டுயிர் அமைப்புக்கு பல வருஷமா போயிட்டிருக்கு, பாஸ்புக் என்ட்ரி போட போனப்பதான் எனக்கே தெரியும். இப்ப ஏற்காடு நாகலூர் பக்கம் சொந்தக் காசுல வாங்கின ரெண்டு ஏக்கர் காபித் தோட்டத்தையும் ஒரு எஃப்டியையும் அதே அமைப்புக்கு உயில் எழுதறேன்ங்கறாங்க. எனக்கு அந்த சொத்து வேணாம், மாமா பசங்க நாளைக்கு கேஸ் போடுவாங்களோனுதான் பயம். எஃப்டிக்கு அமைப்பையே நாமினியா போட்டா போதாதா?

பத்திர ஆபீஸ் வாசல்:
போதாதுங்க. பேங்க் டெபாசிட்டுக்கு நாமினி ஒரு அமைப்பா இருக்க முடியாது, மனுஷராதான் இருக்கணும், அவரும் பணத்த வாங்கி உரியவங்ககிட்ட குடுக்கறவர்தான், சொந்தக்காரர் இல்ல. அதனால உயில்தான் வழி. சொந்த சம்பாத்தியம்னா யாருக்கு வேணா எழுதலாம். ஸ்டாம்ப் பேப்பர் கூட வேணாம், வெள்ளத்தாள் போதும், ஆனா 1925 வாரிசுரிமைச் சட்டப்படி ரெண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்ல, இருந்தாலும் மாமா பசங்கள நெனச்சா பண்ணிருங்க, சித்தி தெளிவான மனசோடதான் எழுதினாங்கனு சொல்ல ஒரு சாட்சியா டாக்டர் இருந்தா இன்னும் நல்லது. அமைப்போட பேர பதிவு எண்ணோட எழுதுங்க, சும்மா "வனவிலங்குகளுக்கு"னு மொட்டையா எழுதி அப்புறம் கோர்ட்டுக்கு அலையறவங்கள பாத்திருக்கேன். அந்த அமைப்பே இல்லாம போயிட்டா யாருக்குனும் ஒரு வரி போட்டுருங்க.

சேர்வராயன் மலை சூப்பர்வைசர்:
நெலத்த பத்தி மொதல்ல அவங்களயே கேளுங்க சார். துண்டா கெடக்கற ரெண்டு ஏக்கர் பெரிய அமைப்புக்கு தலவலிதான், ஆள் போடணும் வேலி பாக்கணும், கடசில வித்துருவாங்க, ரிசார்ட்காரன் வாங்கிப் போடுவான். விக்கக்கூடாதுனு உயில்ல எழுதினாலும் அது கோர்ட்ல நிக்குமானு வக்கீல்ட்ட கேட்டுக்கங்க. காடாவே இருக்கணும்னா சித்தி இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் போட்டு அதுக்கு மாத்தறது பத்தி யோசிக்கலாம். அதுவரைக்கும் சில்வர் ஓக் மட்டும் நட்டுட்டே போகாதீங்க, அது ஆஸ்திரேலியா மரம், மிளகு ஏத்த சௌகரியம்னு வெச்சது. பழைய அத்தி, நாவல், பலா நின்னா தொடாதீங்க, பறவைக்கு அதுதான் சோறு. காட்டெருமை வர்ற பக்கம் முள்கம்பியும் வேணாம்.

கன்னங்குறிச்சி ஏரிக்கரை:
செத்தப்புறம் குடுக்கறது எதுக்கு? எஃப்டில பாதிய இப்பவே குடுத்தா வேலை நடக்கறத கண்ணால பாக்கலாம்ல. 2010ல நம்ம சேலம் மூக்கனேரிக்கு ஊர்க்காரங்க இறங்கி வேலை பாத்ததாலதான் இப்ப நடுவுல மண்திட்டுல மரமும் கொக்கும் இருக்கு, யார் உயிலுக்கும் காத்திருக்கல. நன்கொடைக்கு வருமான வரில விலக்கும் வரும், பழைய வரி முறைல இருந்தா மட்டும்.

பத்திர ஆபீஸ் வாசல்:
71 வயசுல பாதி எஃப்டிய குடுத்துட்டு ஆஸ்பத்திரி செலவுக்கு என்ன பண்ணுவாங்க? உயில்னா கடைசி வரைக்கும் காசு அவங்க கைல இருக்கும், மனசு மாறினா மாத்தியும் எழுதலாம். டிரஸ்டுக்கு மாத்திட்டா திரும்ப வாங்கறது கஷ்டம், சூப்பர்வைசர் சார் அத சொல்லாம விட்டுட்டார். அந்த 500 ரூபாய லேசா எடுத்துக்காதீங்க, பெரிய கிராண்ட் ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சிரும், மாசாமாசம் வர்ற பணத்த நம்பிதான் வாட்ச்சருக்கு சம்பளம் போட முடியும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
எல்லாத்தையும் படிச்சு காட்டினேன். எஃப்டி உயில்ல, நெலம் அமைப்புகிட்ட பேசினப்புறம்னு சொல்லிட்டாங்க. ரிசார்ட்டுன்ன ஒடனே மூஞ்சி மாறிருச்சு. 500ஐ 1000 ஆக்கணுமாம், திங்கக்கிழமை என்னைத்தான் பேங்குக்கு போகச் சொல்றாங்க. டாக்டர் சாட்சிக்கு பத்திர ஆபீசுக்கே வரணுமா, இல்ல வீட்லயே கையெழுத்து வாங்கிக்கலாமா?